விலகிப்போக இடமில்லாத நகரம்

பெங்களூர்க் கண்டோன்மெண்டில் ரிச்சர்ட்ஸ் பார்க்கைச் சுற்றி ஓடும் அகன்ற தெருக்களையும், வீட்டுக்கு வீடு தாராளமாக விட்டிருக்கும் இடைவெளியையும், சாலையின் இருபுறமிருந்தும் கிளை நீட்டி நடுவே கோத்துக்கொள்ளும் பெருமரங்களையும் முதன்முதலாகக் காண்பவர், இவையெல்லாம் வசதி மிகுந்த ஒரு காலத்தவரின் ரசனையால் விளைந்தவை என்று எண்ணுவது இயல்பே. ஆனால் அந்த ஒழுங்குக்கெல்லாம் மூலகாரணம் பயம். 1898ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ஹூப்ளிப் பக்கத்திலிருந்து ரயில் வழியே பெங்களூருக்குள் நுழைந்த பிளேக் நோய், பேட்டையிலும் கண்டோன்மெண்டிலும், காற்றும் வெளிச்சமும் புகாத நெரிசலான வீடுகளில் வாழ்ந்த ஏழை ஜனங்களை வாரிக்கொண்டு போயிற்று. அப்போது அதிகாரிகள் கண்ட முடிவு, நெரிசலைக் கலைத்துச் சுத்தமான நிலத்தில் புதிய வீடுகளைத் தள்ளித் தள்ளிக் கட்ட வேண்டும் என்பது. அம்முடிவின் பயனாக 1906இல் ஃபிரேசர் டவுனுக்கு அஸ்திவாரம் இடப்பட்டது. அதன் அடியொற்றிக் குக் டவுன், ரிச்சர்ட்ஸ் டவுன் முதலிய குடியிருப்புகள் எழுந்தன.

ரிச்சர்ட்ஸ் டவுனுக்குப் பெயர் தந்த எஃப். ஜே. ரிச்சர்ட்ஸ் தமிழருக்கு அந்நியரல்லர். சென்னை மாகாணத்து ஐ.சி.எஸ். உத்தியோகஸ்தரான அவர், 1918இல் வெளிவந்த சேலம் ஜில்லா கெஜட்டியரின் ஆசிரியர். இன்றும் பெங்களூரில் இயங்கிவரும் மிதிக் சொஸைட்டி 1909இல் தோன்றுவதற்கு முதன்மையான காரணமாக இருந்தவரும் அவரே. ஒரு பிரதேசத்தின் மண்ணையும் நீரையும் பயிரையும் தொழிலையும் சரித்திரத்தையும் ஒன்று விடாமல் ஏட்டில் பதிந்து வைப்பது கெஜட்டியர் மரபு. ஆட்சி நடத்தவும் வரி வசூலிக்கவும் ஏற்பட்ட மரபுதான் அது. ஆயினும் நிலத்தைப் பற்றி முடிவு செய்யுமுன் நிலத்தை அறிந்துகொள்ள வேண்டும் என்ற ஒரு நல்ல நியாயம் அதனுள் அடங்கியிருந்தது. நகரங்களின் கெட்டுப்போன நிலங்களை மீட்க வேண்டும் என்று பேசத் தொடங்கியிருக்கும் இக்காலத்தில், அந்த நியாயமே நமக்கு அதிகமாகத் தேவைப்படுகிறது.

பிளேக் காலத்துச் சுகாதாரத் திட்டத்தின் தத்துவத்தை உள்ளபடி அறிய விரும்புகிறவர், முன்வாசலை விட்டு, பழைய வீடுகளின் பின்புறத்துக்குப் போய்ப் பார்க்க வேண்டும். இரண்டு வரிசை வீடுகளின் புழக்கடைகள் சந்திக்கும் இடத்தில், ஓராள் கூடையோடு நடந்து போகுமளவுக்கு ஒரு சந்து விட்டிருப்பார்கள். கன்சர்வன்சி சந்து என்று அதற்குப் பெயர். மலக்கூடை சுமந்த தொழிலாளிகள் அதன் வழியே வந்து, முன்புறத் தெருவில் உலவுவோர் கண்ணில் படாமல், வீடுகளின் அழுக்கை எடுத்துக்கொண்டு அதன் வழியே திரும்பிப் போனார்கள். முன்தெருவின் தூய்மைக்கு விலை கொடுத்தவர்கள் பின்சந்தில் நடந்தவர்கள். அழுக்கு அழிந்துவிடவில்லை, இடம் மாறிற்று, அவ்வளவே. நோய் கண்ட இடத்தை விட்டு வசதியுள்ளோர் விலகிப்போவதும், தாம் உண்டாக்கிய அழுக்கை வசதியற்றோர் இருக்கும் திசைக்கு அனுப்புவதும் ஆகிய இரண்டு காரியங்கள்தாம் அந்தத் திட்டத்தின் உயிர்நிலை.

தொழில்களின் அழுக்கும் இதே நியாயத்தைப் பின்பற்றிற்று. ரிச்சர்ட்ஸ் டவுனுக்கு வெகு சமீபத்தில் டேனரி ரோடு இருக்கிறது. டாக்டர் அம்பேத்கரின் பெயர் சூட்டப்பெற்ற பின்னும் ஜனங்கள் வாயில் வழங்குவது பழைய பெயரே. தோல் பதனிடும் தொழிலை வேலூர், ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்தவருக்கு விளக்க வேண்டியதில்லை. பச்சைத்தோலைக் கழுவி ஊறவைத்து, சுண்ணாம்புத் தொட்டியில் இட்டு மயிர் நீக்கி, ஒட்டியிருக்கும் சதையைச் சீவி, பிறகு ஆவாரம் பட்டை ஊறிய நீரில் நாட்கணக்காக ஊறப்போட்டு எடுப்பது பழைய முறை. அந்நீர் நாறும், குளத்தில் விழுந்தால் மீனைக் கொல்லும், ஆயினும் அது செடியிலிருந்து வந்தது, காலப்போக்கில் மக்கி மண்ணோடு மண்ணாகிவிடும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்ஃப்ரட் சாட்டர்டன் சென்னை மாகாணத்தில் பரவச் செய்த குரோம் முறையோ நாட்களை மணிகளாகச் சுருக்கியது; அதோடு, மக்கி அழியாத ஓர் உலோகத்தையும் தென்னிந்திய மண்ணுக்குக் கொண்டுவந்து சேர்த்தது. சுண்ணாம்புத் தொட்டியில் முழங்கை வரை கைவிட்டு நின்றவர்களும், அக்கழிவுநீர் ஓடிய வாய்க்காலோரம் குடிசை போட்டவர்களும் பெரும்பாலும் ஒரே ஜனங்கள். தொழில் மறைந்தாலும் தொழிலின் எச்சம் தரைக்குள் இருக்கக்கூடும் என்ற நினைவு, மனை விற்கும்போதும் வாங்கும்போதும் யாருக்கும் எழுவதில்லை.

அந்தப் பக்கத்துச் சாக்கடைகளும், டேனரி ரோட்டு இறைச்சிக் கூடத்தின் கழிவும் மழைநீர்க் கால்வாய்கள் வழியே சென்று சேருமிடம் அல்சூர் ஏரி. ஒரு காலத்தில் கண்டோன்மெண்டுக்குக் குடிநீர் கொடுத்த ஏரி அது. அதன் கரையருகேதான், பதினெட்டு ஆண்டுகள் மூடிக்கிடந்த திருவள்ளுவர் சிலை 2009 ஆகஸ்டு 9ஆம் தேதி திறந்து வைக்கப்பட்டது. அந்த ஏரியில் 2016 மார்ச்சில் ஆயிரக்கணக்கான மீன்கள் ஒரே சமயத்தில் செத்து மிதந்தன. அதன் பின் ஏரியை மூடிக்கிடந்த களைகளை அகற்றும் பொறுப்பை, கரையிலேயே முகாம் கொண்டிருக்கும் மதராஸ் எஞ்சினியர் படையினர், தம்பிகள் என்று ராணுவத்தார் அன்போடு அழைக்கும் அந்த வீரர்கள், மேற்கொண்டார்கள். அவர்களுடைய உழைப்பு போற்றத் தக்கது. ஆயினும், கால்வாய் வழியே வரும் விஷம் நிற்காத வரையில், ஏரிக்குள் எத்தனை பேர் இறங்கிச் சுத்தம் செய்தாலும் அது தற்காலிகமான ஆறுதலே. நீரின் வியாதிக்கு நிலத்தில்தான் வைத்தியம் செய்ய வேண்டும்.

விலகிப்போகும் தத்துவம் பிளேக்கோடு முடிந்துவிடவில்லை. நகரம் பெருத்தபோது அதன் குப்பை மாவள்ளிப்புரத்துக்கும் மண்டூருக்கும் போயிற்று. மண்டூர் ஜனங்கள் தம் கிணற்று நீரும் காற்றும் கெட்டதைத் தாங்க முடியாமல் வீதியில் இறங்கிப் போராடி, 2014 டிசம்பரில் அந்த லாரிகளைத் தடுத்து நிறுத்தினார்கள். அன்று நகரத்துக்கு வெளியே இருந்த கிராமங்கள் இன்று நகரத்துக்குள் வந்துகொண்டிருக்கின்றன. ஒரு கோடிக்கு மேற்பட்ட ஜனங்கள் வாழும் இந்த ஊருக்கு, 1906இல் கிடைத்ததைப்போலக் கறைபடாத புதிய நிலம் இனி எந்தத் திசையிலும் கிடைக்கப்போவதில்லை. ஆகவே, நோய் கண்ட நிலத்தை விட்டு விலகுவதற்குப் பதிலாக, அந்த நிலத்திலேயே நின்று அதைக் குணப்படுத்தக் கற்றுக்கொள்வது இத்தலைமுறைக்கு நேர்ந்திருக்கும் கர்த்தவ்யம்.

அந்தக் கர்த்தவ்யத்துக்கு ஒரு பெரும் சந்தர்ப்பம் ரிச்சர்ட்ஸ் டவுனுக்கு மிக அருகிலேயே காத்திருக்கிறது. பையப்பனஹள்ளி மெட்ரோ நிலையத்தை ஒட்டி, பழைய மதராஸ் ரோட்டின் ஓரத்தில், என்.ஜி.இ.எஃப். என்று தொழிலாளர் தலைமுறைகள் நெஞ்சில் பதித்துவைத்திருக்கும் மின்சாதனத் தொழிற்சாலையின் நிலம் அது. மைசூர் அரசாங்கத்தின் முயற்சியால், ஜெர்மனியின் ஏ.இ.ஜி. கம்பெனியின் தொழில்நுட்ப உதவியோடு, 1956இல் ஏற்பட்ட அந்த ஸ்தாபனம், டிரான்ஸ்ஃபார்மர்களும் மோட்டார்களும் செய்து நாடெங்கும் அனுப்பிற்று. கன்னடரும் தமிழரும் தெலுங்கருமாகப் பல்லாயிரம் குடும்பங்கள் அதை நம்பி வாழ்ந்தன. 2002இல் அது மூடப்பட்டபின், மனிதர் நடமாட்டம் ஒழிந்த ஷெட்டுகளைச் சுற்றி மரங்கள் தாமாகவே முளைத்தன. இன்று அவ்விடத்தைக் கடந்து போகும் மெட்ரோ வண்டியிலிருந்து பார்த்தால், அடர்ந்த பசுமைக்கு நடுவே துருப்பிடித்த கூரைகள் தெரிகின்றன. இந்த நெரிசலான நகரத்தில் இப்படியொரு காடா என்று மனம் குளிரும். எஞ்சியிருக்கும் 105 ஏக்கரில் 65 ஏக்கர் அளவில் மரப்பூங்கா அமைக்கப்போவதாகக் கர்நாடக அரசு 2023இல் அறிவித்தது. கட்டிடங்களுக்கு விற்றுவிடாமல் மரங்களுக்கும் ஜனங்களுக்கும் அந்நிலத்தை ஒதுக்க நினைத்தது, மனமார வரவேற்க வேண்டிய நல்ல தீர்மானம்.

வரவேற்கும்போதே ஒன்றை வற்புறுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. பசுமை ஆரோக்கியத்துக்கு அத்தாட்சி ஆகாது. மின்சாதனத் தொழிற்சாலைகளில், உலகமெங்கும், சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில் டிரான்ஸ்ஃபார்மர்களுக்குள் குளிர்ச்சிக்காக ஊற்றிய எண்ணெய்களில் பி.சி.பி. என்னும் ரசாயனம் பரவலாக இருந்தது. தீப்பற்றாது, சூட்டில் சிதையாது என்பதே அதன் பெருமை. சிதையாத அக்குணமே பிறகு பெரும் விபத்தாயிற்று. தரையில் சிந்தினால் மழையில் கரையாமல் மண்துகளைப் பற்றிக்கொண்டு பல பத்தாண்டுகள் தங்கிவிடும். புழுவிலிருந்து பறவைக்கும், மேய்ச்சலிலிருந்து பாலுக்கும் ஏறி, கொழுப்பில் சேர்ந்துகொண்டே போகும். அதன் தயாரிப்பையும் இறக்குமதியையும் இந்திய அரசு 2016இல் தடைசெய்தது. பூச்சு, பற்றாசு, மெருகு ஆகிய வேலைகள் நடந்த பட்டறைத் தரைகளில் ஈயமும் குரோமியமும் நிக்கலும் சேர்வதும் அத்தொழில்களின் பொது இயல்பு. இப்படிப்பட்ட சரித்திரமுள்ள எந்த நிலத்திலும், மண்வெட்டி எடுப்பதற்கு முன், நடைபாதை போடுவதற்கு முன், குழந்தைகளுக்கு ஊஞ்சல் கட்டுவதற்கு முன், கேட்க வேண்டிய முதற்கேள்வி ஒன்று உண்டு: இங்கே எந்த மூலையில் எந்த வேலை நடந்தது?

அக்கேள்விக்கு விடை தேடும் முறை பொறுமையும் நேர்மையும் கேட்பது. முதலில் பழைய தொழிற்சாலை வரைபடத்தை விரித்து, எண்ணெய்க் கிடங்கு இருந்த இடம், பழுதுபார்த்த கூடம், கழிவு கொட்டிய குழி என்று ஒவ்வொன்றையும், அங்கே வேலை செய்து ஓய்வு பெற்ற தொழிலாளிகளை அழைத்து வந்தே, அடையாளம் காண வேண்டும். ஏட்டில் இல்லாத விஷயங்கள் அவர்கள் நினைவில் இருக்கும். பிறகு நிலம் முழுவதையும் கட்டம் கட்டமாகப் பிரித்து முளை அடித்து, துளைக்கருவியைத் திருகி இறக்கி, மேல்மண்ணை ஒரு புட்டியிலும் அதன் கீழ்மண்ணை வேறு புட்டியிலும் எடுத்து, இடமும் ஆழமும் தேதியும் எழுதி ஒட்டிப் பரிசோதனைச் சாலைக்கு அனுப்ப வேண்டும். செம்மண் நிறத்தில் எல்லாம் ஒன்றுபோலவே தோன்றும். பத்தடி தூரத்துக்குள் ஒரு புட்டி நிர்மலமாகவும் இன்னொன்று கொடிய விஷமாகவும் இருக்கக்கூடும். அந்த விவரம் கையில் வந்தபிறகே வைத்தியம். கரையக்கூடிய, புற்றுநோய் உண்டாக்கும் ஆறிணைக் குரோமியத்தை இரும்பு உப்புகளின் உதவியால் அவ்வளவு தீங்கில்லாத வடிவத்துக்கு மாற்றலாம். ஓரளவு கெட்ட மண்ணைக் களிமண்ணால் மூடி, மழை உள்ளே இறங்காமல் அடைக்கலாம். மிகக் கெட்டதைத் தோண்டி எடுத்து அபாயக் கழிவுக்கான இடத்துக்கு அனுப்பத்தான் வேண்டும். கடுகும் வெட்டிவேரும் மண்ணிலுள்ள உலோகங்களை உறிஞ்சிக்கொள்ளும் என்பது உண்மை. ஆனால் உறிஞ்சிய செடியை அறுத்து மாட்டுக்குப் போட்டாலும் அடுப்பில் வைத்தாலும் விஷம் வேறு வழியே நம்மிடமே திரும்பும் என்பதை மறக்கலாகாது.

தொழில்நுட்பம் தந்த ஜெர்மனியிலேயே இதற்கு நல்ல உதாரணம் இருக்கிறது. ரூர் பிரதேசத்தில் டூயிஸ்பர்க் நகரத்து இரும்பாலை 1985இல் மூடப்பட்டபோது, பீட்டர் லாட்ஸ் என்ற நிலவடிவமைப்பாளர், உலைகளையும் கிடங்குகளையும் இடித்துத் தள்ளாமல் அப்படியே வைத்துக்கொண்டு, அதிகம் கெட்ட மண்ணை மூடி அடைத்து, குறைவாகக் கெட்ட இடங்களில் செடிகொடிகளைத் தாமாக வளரவிட்டு, 1994இல் அதைப் பொதுப் பூங்காவாக்கினார். அதனூடே திறந்த சாக்கடையாய் ஓடிய பழைய எம்ஷர் ஆற்றின் கழிவுநீர் பூமிக்கடியில் குழாய்க்குள் சென்றது. மேலே மழைநீர் மட்டும் ஓடுகிறது. அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தில் எரிவாயுத் தொழிற்சாலை இருந்த இடத்தை, ரிச்சர்ட் ஹாக் என்பவர், எண்ணெயைத் தின்னும் நுண்ணுயிர்கள் பெருகும்படி மண்ணில் கழிவுவண்டலும் மரத்தூளும் கலந்து பண்படுத்தி, 1975இல் பூங்காவாகத் திறந்தார். ஆனால் 1984இல் மறுபடியும் விஷப்பொருள்கள் தென்பட, பூங்காவைச் சிலகாலம் மூடிச் சோதிக்க நேர்ந்தது. திறப்பு விழாவோடு பொறுப்பு முடிவதில்லை என்ற பாடத்தை அந்நகரம் விலைகொடுத்துக் கற்றது.

நம் நாட்டிலும் இந்த நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லாமல் போகவில்லை. சென்னையில், இடிபாடும் சாக்கடையும் நிரம்பிக்கிடந்த அடையாற்றுக் கழிமுகத்தில் 58 ஏக்கரைச் சுத்தம் செய்து, அலையாத்தி மரங்களையும் அம்மண்ணுக்குரிய மற்றச் செடிகளையும் நட்டு, 2011 ஜனவரியில் தொல்காப்பியப் பூங்கா திறக்கப்பட்டது. கூட்டங்கூட்டமாக ஜனங்கள் புகும் உல்லாசத் தோட்டமாக ஆக்காமல், மாணவர்கள் வந்து கற்கும் இடமாகவே அதை நடத்தினார்கள். அதே அடையாற்றங்கரையில், கோட்டூர்புரத்தில், குப்பைமேடாக இருந்த பொதுப்பணித்துறை நிலத்தை நிழல் என்ற அமைப்பும் அக்கம்பக்கத்து ஜனங்களும் 2006 முதல் தம் கையாலேயே மரவனமாக்கினார்கள். முதலாவது, பறவைக்கும் மீனுக்கும் முதலிடம் கொடுத்தது. இரண்டாவது, மனிதர்களின் கூட்டுழைப்பிலிருந்தே பிறந்தது. சம்ரக்ஷணை, ஜனங்களின் உபயோகம் என்ற இரண்டும் பகைக்க வேண்டியவை அல்ல. ஒரே நிலத்துக்குள்ளேயே, மனிதர் கால் படாத பகுதி இது, நடந்து பார்க்கலாம் என்ற பகுதி இது, விளையாடலாம் என்ற பகுதி இது என்று, மண்ணின் நிலைமையை அறிந்து வகுத்துக்கொள்ள முடியும். விஷம் மிகுந்த பகுதி மனிதருக்கு நீண்டகாலம் விலக்காகவே இருக்கட்டும். அதுவும் ஒரு தர்மமே.

மறுபக்கத்தையும் பார்த்தாக வேண்டும். ராணிப்பேட்டையில், தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் தொழிற்சாலை 1990களின் நடுவில் மூடப்பட்டபோது விட்டுச்சென்ற ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேற்பட்ட குரோமியக் கழிவு, பாலாற்றுப் படுகையின் நிலத்தடி நீருக்கு எத்தனையோ ஆண்டுகளாக அச்சமாக நின்றுவந்திருக்கிறது. கோலார் தங்கவயலில், ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் போன நம்மவர் பூமியின் வயிற்றில் இறங்கி நூற்றாண்டுக்கு மேல் உழைத்த இடத்தில், 2001 பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கம் மூடப்பட்டது. பொன் உலகெங்கும் போயிற்று, மூன்று கோடி டன்னுக்கு மேற்பட்ட சயனைடு கலந்த கழிவு மேடுகள் தொழிலாளர் லயன்களுக்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டன. காற்றுக் காலத்தில் அம்மேட்டுத் தூள் பறந்து வந்து வீட்டுக்குள் படிகிறது. கெடுத்தவனே அதற்கு விலை கொடுக்க வேண்டும் என்ற நீதியை, வேலூர் ஜனங்கள் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டு 28ஆம் தேதி உச்ச நீதிமன்றம் உரைத்தது. அத்தீர்ப்பு வந்து ஒரு தலைமுறை கழிந்தபிறகே, கெட்டுப்போன நிலங்களைக் கண்டுபிடித்துச் சீர்செய்வதற்கான விதிகளை மத்திய அரசு 2025 ஜூலையில் வெளியிட்டது. ஜில்லா நிர்வாகம் சந்தேகத்துக்குரிய நிலங்களைப் பட்டியலிட வேண்டும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சோதிக்க வேண்டும். கெடுத்தவர் யாரென்று கண்டு அவரிடமே செலவை வசூலிக்க வேண்டும் என்பவை அவற்றின் சாரம். நாடெங்கும் அடையாளம் காணப்பட்ட நிலங்கள் 103 என்றும், அவற்றுள் சீரமைப்பு தொடங்கியவை 7 என்றும் அப்போது செய்தி வந்தது. இவ்வளவு பெரிய தேசத்தில், இத்தனை காலத் தொழில் சரித்திரத்துக்குப் பின், 103 என்ற எண் நம் நிலங்களின் ஆரோக்கியத்தைக் காட்டுவதாக நான் கொள்ளவில்லை. நாம் இன்னும் தேடத் தொடங்கவில்லை என்பதையே அது காட்டுகிறது.

ஆகவே நான் வேண்டுவது இது. பையப்பனஹள்ளி நிலத்திலும், டேனரி ரோட்டைச் சுற்றிய பழைய தொழில் மனைகளிலும், அல்சூர் ஏரிக்குப் போகும் கால்வாய்க் கரைகளிலும் மண் எந்த நிலைமையில் இருக்கிறது என்பதைச் சோதித்து, முடிவு நல்லதானாலும் கெட்டதானாலும், அதைக் கன்னடத்திலும் தமிழிலும் உருதுவிலும் எழுதி, அந்தந்த நிலத்தின் வாசலிலேயே ஜனங்கள் படிக்கும்படி வைக்க வேண்டும். ஆண்டுக்கொரு முறை அதைப் புதுப்பிக்க வேண்டும். அந்நிலத்தைக் கொண்டு என்ன செய்வதென்று தீர்மானிக்கும் சபையில், நிலவடிவமைப்பாளருக்கும் அதிகாரிக்கும் பக்கத்தில், அங்கே உழைத்தவருக்கும், அதன் சுவரோரம் வாழ்கிறவருக்கும் ஆசனம் இருக்க வேண்டும். இதற்குப் பணமும் காலமும் ஆகும். ஐந்தாண்டு ஆட்சிக்குள் நாடா வெட்டித் திறக்க முடியாமலும் போகலாம். ஆனால் நோயை மறைத்து மேலே நடப்பட்ட மரம், நிழலில் வந்து அமரும் ஏழைக் குழந்தைக்கு இழைக்கும் துரோகம். மண்ணின் நோயைச் சொல்லிவிட்டு, அதை ஆற்றுவதற்குத் தலைமுறை தலைமுறையாகப் பொறுப்பேற்றுக்கொள்ளும் நகரமே, தன் ஜனங்களை உண்மையாகவே தன் ஜனங்களென்று மதிக்கும் நகரம்.